நூறு டாலர்

எங்கள் பட்டறையின் வொர்க்கர்ஸ் காம்ப் பாலிசி, அதாவது வேலையில் அடிபடுபவர்களுக்கான காப்பீடு, ஒவ்வொரு ஏப்ரலிலும் புதுப்பித்து வரும். கனமான உறை. உள்ளே நாற்பது ஐம்பது பக்கம் இருக்கும். நான் முதலில் தேடுவது ஒரே ஒரு வரியைத்தான்: லேத்தில் நிற்கும் ஆட்களின் வகுப்புக்கு, ஒவ்வொரு 100 டாலர் சம்பளத்துக்கும் இந்த வருடம் எவ்வளவு கட்டவேண்டும்? இந்தக் காப்பீட்டின் விலையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். நூறு டாலருக்கு இவ்வளவு என்று.

அந்த நூறு டாலருக்கு இந்த ஊரில் இன்னொரு கதையும் இருக்கிறது. அது எனக்குத் தெரிய வருவதற்குள் என் பட்டறையில் ஒருவருடைய வலது கை கெட்டுப்போயிருந்தது. இரண்டையும் சேர்த்து எழுதவேண்டும் என்று பல வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். புதிதாகத் தொழில் தொடங்கும் நம் ஆட்கள் பலர் காம்ப் என்றதும் முகம் சுளிக்கிறார்கள். அவர்களுக்காகவும்தான் இது.

நான் இருப்பது பென்சில்வேனியாவின் அலெகெனி கவுண்டி. பிட்ஸ்பர்க் நகரமும், அதைச் சுற்றி ஆற்றங்கரைகளில் வரிசையாக முளைத்த ஆலை ஊர்களும் சேர்ந்ததுதான் இந்தக் கவுண்டி. ஹோம்ஸ்டெட், பிராடாக், ரேன்கின், மெக்கீஸ் ராக்ஸ், கிளேர்டன். பழைய எஃகு ஆலைகளில் பெரும்பாலானவை போய்விட்டன. ஹோம்ஸ்டெட் ஆலை நின்ற இடத்தில் இப்போது கடைகளும் சினிமா தியேட்டரும் இருக்கின்றன. பழைய புகைபோக்கிகளை மட்டும் ஒரு வரிசையாக விட்டுவைத்திருக்கிறார்கள். பிராடாக்கில் 1875இல் தொடங்கிய எட்கர் தாம்சன் ஆலை இன்னும் ஓடுகிறது. பெரிய ஆலைகள் போன பிறகும் அவற்றை நம்பி வளர்ந்த சின்னப் பட்டறைகள் பல மிச்சம் இருக்கின்றன. அப்படி ஒன்றை, அதன் முதலாளி ஓய்வு பெற்றபோது, 2009இல் நான் வாங்கினேன். அப்போது ஏழு பேர், இப்போது ஒன்பது பேர். வால்வு, பம்பு உதிரிகள் கடைந்து கொடுக்கிறோம்.

பட்டறை எனக்குப் புதிதல்ல. கோயம்புத்தூர் ஆவாரம்பாளையத்தில் அப்பாவுக்கு ஒரு பட்டறை இருந்தது. இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு பவர் பிரஸ். மோட்டாருக்கான தகடுகளை அடித்துக் கொடுப்போம். ஆறு பேர்தான் ஆட்கள். 1987இல், நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது, அந்த பிரஸ்ஸில் ஒருவருக்கு நடுவிரலும் மோதிர விரலும் போயின. அவருக்கு வயது 26. அப்பா அவரை ஸ்கூட்டரின் பின்னால் உட்கார வைத்து, துண்டால் கையைச் சுற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் அப்பாவுடையது. அது போக அவர் கையில் 3,000 ரூபாய் கொடுத்தார். காயம் ஆறியதும் பிரஸ்ஸிலிருந்து மாற்றி, ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் வேலை கொடுத்தார். "நம்ம ஆளை நாமதான பார்க்கோணும்" என்று அம்மாவிடம் அப்பா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. எங்கள் தெருவில் அப்பாவுக்கு அதனால் நல்ல பெயர் வந்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. முதலாளி என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று அன்றைக்கு மனதில் பதிந்துவிட்டது.

அந்தப் பதிவைத்தான் 24 வருடம் கழித்து இங்கே செய்து காட்டினேன்.

2011 அக்டோபர். எங்களில் மூத்தவர், ஐம்பத்தைந்தைத் தாண்டியவர், பெரிய லேத்தில் நின்றிருந்தார். அவருடைய தாத்தா ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்து ஹோம்ஸ்டெட் ஆலையில் வேலை பார்த்தவர். சுருள் சுருளாக வரும் இரும்புச் சீவலைக் கொக்கியால் இழுக்காமல் கையால் இழுத்துவிட்டார். உள்ளங்கையில் கிழித்தது. ரத்தம் அதிகம் வந்தாலும் காயம் பெரிதாகத் தெரியவில்லை. நான் காரை எடுத்தேன். போகும் வழியில் அவரே சொன்னார்: "இதைக் காம்ப்பில் போடவேண்டாம். உங்கள் மாட் ஏறிவிடும்."

மாட் என்பது காப்பீட்டுக் கட்டணத்தை ஏற்றி இறக்கும் ஓர் எண்; பிறகு விளக்குகிறேன். நான் பட்டறையை வாங்கி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது, கடன் கழுத்து வரை இருந்தது. அவர் சொன்னது எனக்கு ஒரு தொழிலாளி காட்டும் விசுவாசமாகத் தெரிந்தது. தையல் போட்ட இடத்தில் நானே காசு கட்டினேன். நாலு நாள் லீவுக்கு முழுச் சம்பளம் கொடுத்தேன். அன்றைக்கு ராத்திரி கோயம்புத்தூருக்கு போன் செய்து அப்பாவிடம் சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டார்.

காயம் ஆறியது. கை ஆறவில்லை. உள்ளே தசைநாண் ஒன்று பாதி அறுந்திருந்ததைத் தையல் போட்டவர்கள் பார்க்கவில்லை. ஜனவரியில் அவரால் வலது கையை முழுதாக மூட முடியவில்லை. ஸ்பேனர் பிடிக்க முடியவில்லை. கை டாக்டர் ஆபரேஷன் என்றார். அவருடைய மருத்துவக் காப்பீட்டில் முதல் கேள்வியே இது வேலையிடத்துக் காயமா என்பதுதான். பொய் சொல்லத் தெரியாதவர், ஆமாம் என்றார். அப்படியானால் எங்களுக்குச் சம்பந்தம் இல்லை என்று அங்கே கதவு மூடியது. காம்ப் நிறுவனத்தில் நான் போன் செய்தபோது அந்தப் பக்கம் இருந்தவர் கேட்டார்: "அக்டோபரில் நடந்ததை ஜனவரியில் சொல்கிறீர்களே, அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?"

என்னிடம் பதில் இல்லை. அன்பினால் என்று சொல்லலாம். பிரீமியம் ஏறுமே என்ற பயம் என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மைதான். இரண்டில் எது முன்னால் வந்தது என்பதை இன்றைக்கு வரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அவர்கள் கிளெய்மை மறுத்தார்கள். வேலையிடத்தில்தான் அடிபட்டது என்பதற்கு எழுத்தில் ஒன்றும் இல்லை, இடையில் மூன்று மாதம் வேறு போயிருக்கிறது. அவர் வக்கீல் வைத்துக்கொண்டார். விஷயம் இழப்பீட்டு நீதிபதியிடம் போனது. நான் அங்கே போய், என் பட்டறையில், என் கண் முன்னால், இந்த நாளில் நடந்தது என்று சாட்சி சொன்னேன். பென்சில்வேனியாச் சட்டத்தில் தொழிலாளி 120 நாளுக்குள் முதலாளிக்குத் தெரியப்படுத்தவேண்டும் என்று ஒரு வரம்பு உண்டு. 21 நாளுக்குள் சொன்னால்தான் முதல் நாளிலிருந்து இழப்பீடு கிடைக்கும். ஆனால் முதலாளிக்கு ஏற்கெனவே தெரியும் என்றால் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. எனக்குத்தான் முதல் நிமிடத்திலிருந்து தெரியுமே. அந்த ஒரு விதிதான் அவரைக் காப்பாற்றியது. பதினோரு மாதம் கழித்துத் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. அதற்குள் அவர் சேமிப்பைக் கரைத்திருந்தார். கிடைத்ததில் ஐந்தில் ஒரு பங்கு வக்கீலுக்குப் போனது. அன்றைக்கே நான் ஒரு போன் செய்திருந்தால் வக்கீலே தேவைப்பட்டிருக்காது.

அந்தக் குளிர்காலத்தில்தான் இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று படிக்கத் தொடங்கினேன். ஓக்லண்டில் இருக்கும் கார்னகி நூலகத்தில் சனிக்கிழமைகளில் போய் உட்காருவேன். முதலில் எனக்குத் தெரிந்தது, நான் வேலை பார்க்கும் இதே கவுண்டியில்தான் மிக நுணுக்கமாக வேலையிடச் சாவுகளை எண்ணியிருக்கிறார்கள் என்பது.

எண்ணியவர் கிரிஸ்டல் ஈஸ்ட்மன். 1907இல் சட்டப் படிப்பை முடித்திருந்த இளம்பெண், அப்போது வயது 26. ரஸ்ஸல் சேஜ் அறக்கட்டளையின் பணத்தில் பிட்ஸ்பர்க் முழுவதையும் ஆராய வந்த குழுவில் ஒருவர். 1906 ஜூலை 1 முதல் 1907 ஜூன் 30 வரை அலெகெனி கவுண்டியில் வேலையில் இறந்த ஒவ்வொருவரையும் மரண விசாரணை அதிகாரியின் பதிவிலிருந்து எடுத்து, ஆட்களோடு வீடு வீடாகப் போய் விசாரித்தார். ஒரு வருடத்தில் 526 பேர். எஃகு ஆலைகளில் 195, ரயில்வேயில் 125, சுரங்கத்தில் 71, மற்ற வேலைகளில் 135. பெரும்பாலானவர்கள் நாற்பது வயதைத் தொடாதவர்கள். ஒரு காலண்டரில் ஒவ்வொரு சாவுக்கும் ஒரு சிவப்புச் சிலுவை போட்டு அதைப் பொதுவில் மாட்டினார்கள். சிலுவை இல்லாத நாட்களைத் தேடித்தான் பார்க்கவேண்டும்.

இறந்தவர்களில் 235 பேருடைய மனைவிமாருக்கு என்ன கிடைத்தது என்றும் அவர் கணக்கெடுத்தார். 59 குடும்பங்களுக்குக் கம்பெனியிலிருந்து ஒரு காசும் வரவில்லை. இன்னும் 65 குடும்பங்களுக்கு வந்தது 100 டாலரோ அதற்குக் கீழோ. பாதிக்கு மேல் அங்கேயே முடிந்துவிட்டது. பெரும்பாலும் அந்தப் பணம் சவ அடக்கத்துக்கே சரியாய்ப் போயிருக்கும்.

இதைப் படித்தபோது நான் அப்பாவை நினைத்துக்கொண்டேன். ஏனென்றால் அன்றைய முதலாளிகள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. சவப்பெட்டி வாங்கிக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். மகனுக்கு வேலை கொடுத்தவர்கள் இருந்தார்கள். எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னகியே 1901இல், ஆலைகளை விற்ற கையோடு, அடிபட்ட தொழிலாளர்களுக்காக 40 லட்சம் டாலர் நிதி ஒன்றை வைத்தார். 1904 ஜனவரியில் இதே கவுண்டியில் ஹார்விக் சுரங்கம் வெடித்து 179 பேர் இறந்தார்கள். அதில் இரண்டு பேர் உள்ளே சிக்கியவர்களைக் காப்பாற்றப் போனவர்கள். அந்த இருவரை மனதில் வைத்துத்தான் பிறரைக் காப்பாற்றும் வீரர்களுக்கான 50 லட்சம் டாலர் நிதியை அவர் தொடங்கினார். அது இன்றும் பிட்ஸ்பர்கில் இயங்குகிறது. நல்ல காரியம்தான். ஆனால் காப்பாற்றப் போனவனுக்குப் பதக்கம் இருந்த அந்த நாளில், சும்மா வேலைக்குப் போய் இறந்தவனின் மனைவிக்கு உரிமை என்று கேட்க எதுவும் இல்லை. எல்லாம் யாராவது பார்த்துக் கொடுத்தால் உண்டு.

கோர்ட்டுக்குப் போகலாமே என்றால், போகலாம். அங்கே மூன்று சுவர்கள் நின்றன. தொழிலாளி கொஞ்சமாவது கவனக்குறைவாக இருந்தார் என்று காட்டினால் வழக்கு போயிற்று. உடன் வேலை செய்த இன்னொருவர் தவறால் நடந்தது என்றாலும் போயிற்று. ஆபத்து தெரிந்துதானே வேலைக்கு வந்தாய் என்று கேட்டாலும் போயிற்று. எரியும் உலைக்குப் பக்கத்தில் நிற்பவனிடம் மூன்றாவது கேள்வியைக் கேட்டால் அவன் என்ன சொல்வான்? விபத்துகளில் பெரும்பாலானவை அந்த ஆளின் அஜாக்கிரதைதான் என்பது அன்று ஊரெல்லாம் சொன்ன பேச்சு. ஈஸ்ட்மன் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து அது அப்படியில்லை என்று காட்டினார். 1910இல் அது புத்தகமாக வந்தது. அதே வருடம் நியூயார்க் ஒரு இழப்பீட்டுச் சட்டம் போட்டது. 1911 மார்ச் 24 அன்று அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் அதை அடித்துத் தள்ளியது. மறுநாள் மார்ச் 25, அதே நியூயார்க்கில் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை தீப்பிடித்து 146 பேர் இறந்தார்கள். அந்த வருடமே விஸ்கான்சின் நிலைத்து நிற்கும் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. பென்சில்வேனியா 1915 ஜூனில் நிறைவேற்றி, 1916 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஜெர்மனி 1884இலேயே செய்ததை எட்டிப்பிடிக்க இத்தனை காலமும் இத்தனை சிலுவைகளும் ஆயின.

சட்டத்தின் உள்ளே இருப்பது ஒரு கொடுக்கல் வாங்கல்தான். யார் தவறு என்று கேட்பதில்லை. வேலையில் அடிபட்டால் மருத்துவச் செலவும் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கும், மாநிலம் வருடாவருடம் அறிவிக்கும் ஒரு உச்சவரம்புக்குள், கிடைக்கும். அதற்குப் பதிலாகத் தொழிலாளி முதலாளிமேல் வழக்குப் போட முடியாது. இறந்தால் மனைவிக்குச் சம்பளத்தில் 51 சதவீதம், ஒரு குழந்தை இருந்தால் 60, அதற்கு மேல் என்றால் மூன்றில் இரண்டு பங்கு. அடக்கச் செலவுக்கு 7,000 டாலர். 2018 வரைக்கும் அது 3,000மாகத்தான் இருந்தது. ரயில்வேக்காரர்கள் இதில் இல்லை. அவர்களுக்கு 1908இல் தனியாக ஒரு மத்தியச் சட்டம் வந்தது. இன்றைக்கும் அவர்கள் கம்பெனியின் தவறை நிரூபித்துத்தான் வாங்கவேண்டும். ஈஸ்ட்மன் எண்ணிய அந்த 125 பேரின் வாரிசுகள் இன்னும் வேறு வரிசையில் நிற்கிறார்கள்.

விரல்களுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. முதல்முறை பார்த்தபோது எனக்கு உடம்பு கூசியது. கட்டை விரல் போனால் 100 வார இழப்பீடு. ஆட்காட்டி விரல் 50 வாரம். நடுவிரல் 40. மோதிர விரல் 30. சுண்டு விரல் 28. மணிக்கட்டோடு கை போனால் 335 வாரம். மனிதனைக் கறிக்கடையில் கூறு போடுவதுபோல் என்று தோன்றும். யோசித்துப் பார்த்தால், இப்படி எழுதி வைக்காத காலத்தில் அதே விரலுக்கு விலை போட்டது யார்? முதலாளிதான். அவருடைய அன்றைய மனநிலையும் பையும்தான். அப்பா இரண்டு விரலுக்கு 3,000 ரூபாய் என்று எங்கிருந்து கணக்குப் போட்டார்? கையில் அவ்வளவுதான் இருந்திருக்கும்.

நம் ஊரிலும் பட்டியல் உண்டு. 1923ஆம் வருடத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், 1924 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அங்கே வாரக் கணக்கு இல்லை, சம்பாதிக்கும் சக்தியில் எத்தனை சதவீதம் போயிற்று என்ற கணக்கு. கட்டை விரல் 30 சதவீதம், ஆட்காட்டி 14, நடுவிரல் 12, மோதிர விரல் 7. ஆறு ஆட்கள் உள்ள அப்பாவின் பட்டறை ஈஎஸ்ஐக்குள் வரவில்லை. ஆனால் மின்சாரத்தில் ஓடும் பட்டறை என்பதால் இந்தப் பழைய சட்டம் எங்களையும் கட்டியிருந்தது. முதலாளி காப்பீடு எடுத்தே ஆகவேண்டும் என்று அது சொல்லவில்லை; பணம் கொடுக்கவேண்டும் என்று மட்டும் சொன்னது. அப்பாவுக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. அடிபட்டவருக்கும் தெரியாது.

இனி நம் ஆட்களுக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோயில் கேன்டீனில் புளியோதரை சாப்பிட்டுக்கொண்டே என்னிடம் அதிகம் பேர் கேட்கும் கேள்வி, "எனக்கு ஒரே ஒரு ஆள்தான், அதுவும் பார்ட் டைம், எனக்கும் காம்ப் வேண்டுமா?" வேண்டும். பென்சில்வேனியாவில் ஒரு ஆள் இருந்தாலும் வேண்டும். பார்ட் டைமும் ஆள்தான். உணவகம், மோட்டல், பெட்ரோல் பங்க், எதற்கும் விலக்கு இல்லை. எடுக்காமல் ஓட்டினால் அது வெறும் அபராத விஷயம் இல்லை, கிரிமினல் குற்றம். ஒவ்வொரு நாளும் தனிக் குற்றமாக எண்ணப்படும். வேண்டுமென்றே செய்தால் தண்டனை இன்னும் பெரிது. அதோடு வழக்குப் போட முடியாது என்ற பாதுகாப்பும் போய்விடும். தனியார் கம்பெனிகள் எதுவும் தரமாட்டேன் என்றாலும் மாநிலத்தின் காப்பீட்டு நிதி இருக்கிறது. 1915இல் இழப்பீட்டுச் சட்டத்தோடு சேர்ந்து பிறந்தது அது. யாரையும் திருப்பி அனுப்பாது.

கட்டணம் எப்படி வருகிறது? உங்கள் ஆட்கள் செய்யும் வேலைக்கு ஒரு வகுப்பு எண். அந்த வகுப்புக்கு நூறு டாலருக்கு ஒரு விகிதம். கம்ப்யூட்டர் முன் உட்காருபவருக்குச் சில காசுகள், கூரை ஏறுபவருக்குப் பல டாலர்கள். உதாரணத்துக்கு 3 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வருடச் சம்பளம் மொத்தம் 5 லட்சம் டாலர் என்றால் 15,000 டாலர். இதை உங்கள் மாட்டால் பெருக்குவார்கள். ஓரளவு பெரிய பட்டறைகளுக்குத்தான் மாட் உண்டு. உங்களைப் போன்ற மற்ற பட்டறைகளோடு ஒப்பிட்டு, மூன்று வருட விபத்துச் செலவைப் பார்த்துப் போடும் எண் அது. சராசரி என்றால் 1. அது 1.2 ஆனால் அதே 15,000 டாலர் 18,000 ஆகும். 0.85 ஆனால் 12,750 ஆகும். காரில் வைத்து என் ஆள் என்னிடம் சொன்னது இந்த வித்தியாசத்தைத்தான். சில ஆயிரம் டாலர். ஒரு மனிதன் தன் கையைப் பிடித்துக்கொண்டு ரத்தம் சொட்டச் சொட்ட என் பிரீமியத்தைப் பற்றி யோசித்திருக்கிறார். நானும் அதைத்தான் யோசித்திருக்கிறேன்.

வருடம் முடிந்ததும் ஆடிட்டர் வருவார். சம்பளப் பட்டியலைப் பார்ப்பார், யார் என்ன வேலை செய்கிறார் என்று கேட்பார். இங்கே இரண்டு இடத்தில் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள். ஒன்று, வெல்டிங் பண்ணுபவரை ஆபீஸ் வகுப்பில் எழுதுவது. என்னிடம் அப்படிச் செய்யச் சொன்ன ஏஜென்ட் ஒருவர் இருந்தார், மாற்றிவிட்டேன். இன்னொன்று, வெளி ஆளைக் காண்டிராக்டர் என்று வைத்துக்கொண்டு அவரிடம் காப்பீட்டுச் சான்றிதழ் வாங்காமல் விடுவது. அவருக்குக் காப்பீடு இல்லையென்றால் அவருக்குக் கொடுத்த பணத்தையும் உங்கள் சம்பளக் கணக்கில் ஆடிட்டர் சேர்த்துவிடுவார். அவர் ஏணியிலிருந்து விழுந்தால் அதுவும் உங்கள் தலையில்தான் வந்து நிற்கும். கட்டட வேலையில் ஆட்களைக் காண்டிராக்டர் என்று பெயர் மாற்றி வைப்பதைத் தடுக்க 2010இல் இந்த மாநிலத்தில் தனிச் சட்டமே போட்டார்கள்.

இன்னும் ஒன்று. டாக்டர் பட்டியல். குறைந்தது ஆறு மருத்துவ இடங்களின் பெயரை எழுதிப் பட்டறையில் மாட்டிவைத்தால், அடிபட்டவர் முதல் 90 நாள் அந்தப் பட்டியலில் ஒருவரிடம்தான் காட்டவேண்டும். இதைச் செலவைக் குறைக்கும் வழி என்று சொல்லித்தான் ஏஜென்ட்கள் விற்பார்கள். நான் வேறு காரணத்துக்காக அதில் நேரம் செலவழித்தேன். கை அறுவைச் சிகிச்சை தெரிந்த ஒருவர் கட்டாயம் இருக்கவேண்டும் என்று தேடிப் போட்டேன். லேத் பட்டறையில் அடி கையில்தான் படும். 2011இல் அப்படி ஒருவர் முதல் நாளே பார்த்திருந்தால் அந்தத் தசைநாண் தப்பியிருக்கும்.

இப்போது எங்கள் பட்டறையில் ஒரு பழக்கம் இருக்கிறது. அடிபட்டால், கீறல் என்றாலும், அதே ஷிஃப்டில் எழுதிவிடுவோம். என்ன வேலை, எந்த மெஷின், எந்தக் கை, யார் பார்த்தது. இரண்டு பேர் கையெழுத்து. டாக்டரிடம் போகவேண்டியது எதுவாக இருந்தாலும் அன்றைக்கே காப்பீட்டுக் கம்பெனிக்குப் போன். கம்பெனிக்கு 21 நாள் உண்டு, ஏற்பதோ மறுப்பதோ அதற்குள் சொல்லவேண்டும். முதல் ஏழு நாளுக்குச் சம்பள இழப்பீடு கிடையாது, வேலைக்கு வர முடியாதது 14 நாளைத் தொட்டால்தான் அந்த ஏழு நாளும் சேரும். அந்த ஏழு நாளை நாங்கள் கொடுக்கிறோம். கொடுப்பது காம்ப்புக்கு மேலே கொடுப்பது. காம்ப்புக்குப் பதிலாகக் கொடுப்பதில்லை. இந்த வித்தியாசத்தைப் படித்துக்கொள்ள எனக்கு ஒருவருடைய கை செலவானது.

மூன்று பேர் கொண்ட பாதுகாப்புக் குழுவோடு தொடங்கினோம், இப்போது நாலு பேர், பாதிப் பேர் தொழிலாளர்கள். மாதம் ஒருமுறை கூடுவார்கள். மாநிலம் சான்றளித்த குழு இருந்தால் பிரீமியத்தில் 5 சதவீதம் குறையும். அவர்கள் கொண்டுவந்த முதல் யோசனையே சீவல் இழுக்கும் கொக்கியை ஒவ்வொரு லேத்திலும் சங்கிலி போட்டுக் கட்டவேண்டும் என்பது. கொக்கி எப்போதும் வேறு எங்கேயோ கிடந்ததால்தான் கையால் இழுத்திருக்கிறார்கள். அஜாக்கிரதை என்று நான் நினைத்தது அதுதான்.

2025 ஆகஸ்ட் 11 அன்று காலை கிளேர்டனில், எஃகு உலைகளுக்கான கோக் கரியைத் தயாரிக்கும் ஆலையில் வெடித்தது. பட்டறையில் எல்லோரும் வேலையை நிறுத்தி போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு பேர் இறந்தார்கள், பத்துப் பேருக்குக் காயம். எங்கள் ஆட்களில் இருவருக்கு அங்கே உறவினர்கள் இருந்தார்கள். சாயங்காலம்தான் அவர்கள் பத்திரம் என்று தெரிந்தது. நூலகத்தில் பார்த்த அந்தக் காலண்டர் நினைவுக்கு வந்தது. வீட்டுக்குப் போகும்போது பழைய ஆள் வீட்டில் வண்டியை நிறுத்தினேன். அவர் இப்போது ஓய்வில் இருக்கிறார். வலது கை இன்னும் முழுதாக மூடாது. காபியை இடது கையால்தான் எடுத்துக் கொடுத்தார்.

அந்த டிசம்பரில் கோயம்புத்தூர் போயிருந்தேன். அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது, பட்டறை இருந்த இடத்தில் இப்போது அபார்ட்மென்ட். பிரஸ்ஸில் விரல் போனவர் கணபதிப் பகுதியில் மகள் வீட்டில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். உட்காருங்கள் என்று கையைப் பிடித்து உட்காரவைத்தேன். அப்பாவைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். "அந்த மாதிரி முதலாளி இனி வரமாட்டாருங்க" என்றார். அவர் மகள் ஒரு மில்லில் சூபர்வைசர். அமெரிக்காவில் என்ன வேலை என்று கேட்டார். பட்டறையைப் பற்றிச் சொல்லி, பேச்சு காம்ப்புக்கு வந்தது. "அண்ணா, அப்ப எங்கப்பாவுக்குச் சட்டப்படி எவ்வளவு வந்திருக்கோணும்?" என்று கேட்டார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். மேஜையில் ஒரு கல்யாணப் பத்திரிகை கிடந்தது, அதன் உறையின் பின்பக்கத்தில் எழுதினேன். மாதச் சம்பளம் 600 ரூபாய். அதில் பாதி 300. 26 வயதுக்குச் சட்டத்தில் கொடுத்திருக்கும் பெருக்கெண் 215.28. ஒரே கையில் இரண்டு விரல் போனால் 20 சதவீதம். 12,917 ரூபாய் வந்தது. அப்பா கொடுத்தது 3,000.

மகள் உறையை வாங்கிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவிடம் கொடுத்தார். அவர் அதை மூன்று விரல் கையில் பிடித்து, கண்ணாடியை மேலே தள்ளி, வெகுநேரம் படித்தார். கோபம் எதுவும் முகத்தில் இல்லை.

"அன்னைக்கு இது வந்திருந்தா சரவணம்பட்டில ஒரு சைட்டு வாங்கியிருக்கலாமுங்க தம்பி" என்றார்.